பொய் சொன்னது யார்?

'நீங்கள் குடிப்பீர்களா?'

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களை விசாரிக்க வரவில்லை. அந்த இரண்டு வார்த்தைகளைப் படித்ததும் உங்களுக்குள் என்ன நடந்தது என்று மட்டும் ஒரு நொடி கவனித்துப் பாருங்கள். 'சேச்சே, நமக்கு அந்தப் பழக்கமே கிடையாது' என்று ஒரு சின்னப் பெருமை வந்திருக்கலாம். 'எப்பவாச்சும், ஃப்ரெண்ட்ஸோட' என்று மனசு அவசர அவசரமாக ஒரு வக்கீலை ஏற்பாடு செய்திருக்கலாம். 'இதைக் கேட்க இவன் யார்?' என்று சுருக்கென்று இருந்திருக்கலாம். கேள்வி முழுசாகக் காதில் விழுவதற்குள் பதில் தயார்!

'உங்களுக்குச் சர்க்கரை உண்டா?' என்று கேட்டால் இப்படி நடப்பதில்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டே மாத்திரை டப்பாவைத் திறந்து, பக்கத்து இலைக்காரரிடம் மில்லிகிராம் கணக்குப் பேசுகிறோம். குடியைப் பற்றிக் கேட்டால் மட்டும், நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் சட்டென்று கூண்டில் ஏறி நின்றுவிடுகிறார்.

ஆனால், டாக்டர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும். மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி, 2019-ல் வெளியிட்ட தேசிய ஆய்வு என்ன சொல்கிறது தெரியுமா? இந்தியாவில் குடிப்பவர்கள் சுமார் 16 கோடி. அதில் 5.7 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குக் குடியால் பிரச்னை. குடிக்கு அடிமையாகிவிட்டவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையோ உதவியோ பெற்றிருக்கிறார். மீதி 37 பேர்? இடுப்பு வலிக்கும், வயிற்று எரிச்சலுக்கும், தூக்கம் வரவில்லை என்பதற்கும் எங்கோ ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். கல்லீரலுக்கு வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில், ஆரம்ப கட்டத்தில் பலருக்கு எதுவுமே தெரியாது. அவர்களை அடையாளம் காண மருத்துவத்திடம் இருக்கிற மலிவான கருவி ஒன்றே ஒன்றுதான். கேள்வி.

அப்படி ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. 'ஆடிட்' என்று பெயர். கணக்குத் தணிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உலக சுகாதார நிறுவனம் 1980-களில் உருவாக்க ஆரம்பித்து, ஆறு நாடுகளில் சோதித்துப் பார்த்துக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியா, பல்கேரியா, கென்யா, மெக்ஸிகோ, நார்வே, அமெரிக்கா. ஆசியாவிலிருந்து ஒரு நாடுகூட இல்லை என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க். ஆகமொத்தம் 40. எட்டும் அதற்கு மேலும் வாங்கினால், 'கொஞ்சம் கவனிக்க வேண்டிய ஆள்' என்று அர்த்தம். மார்க் அதிகம் வாங்கினால் கவலைப்பட வேண்டிய ஒரே பரீட்சை!

வள்ளுவரும் 'கள்ளுண்ணாமை'க்குப் பத்துக் குறள்தான் ஒதுக்கினார். ஆனால் அவர் தன் தமிழில் தானே எழுதினார். இந்தப் பத்துக் கேள்விகள் இங்கிலீஷிலிருந்து நம்மிடம் வர வேண்டும். அங்கேதான் ஆரம்பிக்கிறது விஷயம்.

'இதிலென்ன பெரிய விஷயம்? ரெண்டு பாஷையும் தெரிஞ்ச ஒருத்தர் உட்கார்ந்தா சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்' என்பீர்கள். முடிந்துவிடும்தான். அப்படி ஒரு சாயங்காலத்தில் முடிந்த கேள்வித்தாள் என்ன செய்யும் என்று பார்க்கலாம்.

கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், 'அண்ணன்' என்றே வைத்துக்கொள்வோம். வேலை முடிந்ததும் தினமும் ஒரு குவார்ட்டர். அதற்கு மேல் தொடமாட்டார். வம்பு தும்பு கிடையாது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்துவிடுவார். அவரிடம் நம் தாளை நீட்டுகிறோம்.

முதல் கேள்வி, எத்தனை நாளுக்கு ஒருமுறை குடிப்பீர்கள்? 'தினமும்' என்கிறார், ஒளிக்காமல். 4 மார்க். இரண்டாவது, குடிக்கிற அன்றைக்கு எத்தனை 'டிரிங்க்' குடிப்பீர்கள்? அண்ணன் யோசிக்கிறார். 'ஒண்ணுதான்.' ஒன்று அல்லது இரண்டு என்ற கட்டத்தில் டிக். 0 மார்க். மூன்றாவது, ஒரே நேரத்தில் ஆறோ, அதற்கு மேலோ குடித்ததுண்டா? அண்ணன் பதறிப்போகிறார். 'ஆறா? ஐயையோ! என்னை என்ன மொடாக்குடியன்னு நெனச்சீங்களா?' 0 மார்க். மற்ற ஏழு கேள்விக்கும் 'இல்லை' என்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். மொத்தம் 4. எட்டைத் தொடவில்லை. 'நீங்க நல்லா இருக்கீங்கண்ணே, போயிட்டு வாங்க.'

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுவோம். அந்தத் தாளில் 'ஒரு டிரிங்க்' என்பது பாட்டில் கணக்கோ, டம்ளர் கணக்கோ இல்லை. சுமார் 10 கிராம் சுத்தமான ஆல்கஹால் என்பது அதன் அளவு. நம் ஊர் பிராந்தி, விஸ்கி பாட்டிலில் 42.8 சதவிகிதம் என்று போட்டிருக்கும். அந்தச் சரக்கில் 30 மில்லி ஊற்றினால் 10 கிராம் வந்துவிடும். குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதாவது ஆறு டிரிங்க். 'ரெண்டு பேர் சேர்ந்து ஒரு கட்டிங்தான் சார்' என்று பங்கு போட்டுக்கொள்கிறார்களே, அந்த 90 மில்லியில்கூட ஆளுக்கு மூன்று இருக்கிறது.

எனவே, அண்ணனின் இரண்டாவது பதிலுக்கு உண்மையில் 2 மார்க். மூன்றாவது பதிலுக்கு, ஆறு டிரிங்க் தினமும் என்பதால், முழுசாக 4 மார்க். மொத்தம் 4 இல்லை; 10!

அதே மனிதர். அதே குவார்ட்டர். ஒரு தாள் 'ஒன்றுமில்லை' என்கிறது, இன்னொரு தாள் 'ஜாக்கிரதை' என்கிறது. கவனியுங்கள், அண்ணன் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அவருடைய உலகத்தில் ஒரு குவார்ட்டர் என்பது ஒன்றுதான். பின்னே பொய் சொன்னது யார்?

கேள்வி!

இலக்கணப் பிழை இல்லாமல், சுத்தமான தமிழில் ஒரு கேள்வி பொய் சொல்ல முடியும். இதுதான் நாம் இன்றைக்கு யோசிக்க வேண்டிய சங்கதி.

அளவாவது எண். திருத்திவிடலாம். 'குவார்ட்டரா, கட்டிங்கா, பீரா? தனியாவா, பங்கு போட்டா?' என்று கேட்டு மில்லியில் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மனசைக் கேட்கிற கேள்விகள் இதைவிடக் கஷ்டம்.

'குடித்த பிறகு குற்ற உணர்ச்சி வந்ததா?' என்று ஒரு கேள்வி. விரதம், பூஜை என்றிருக்கும் வீட்டுப் பையன், காலேஜ் டூரில் அரை கிளாஸ் பீர் குடித்துவிட்டு ஒரு வாரம் அம்மா முகத்தைப் பார்க்க முடியாமல் தவிப்பான். இருபது வருஷமாகக் குடிக்கிற ஒருவருக்கு அந்த உறுத்தல் எப்போதோ மரத்துப்போயிருக்கும். கேள்வி இப்போது குடியை அளக்கிறதா, வளர்ப்பை அளக்கிறதா?

'உங்கள் குடியைப் பற்றி உறவினரோ நண்பரோ டாக்டரோ கவலைப்பட்டதுண்டா, குறைக்கச் சொன்னதுண்டா?' என்பது பத்தாவது கேள்வி. நம் வீடுகளில் ஒரு சொட்டு வாசனை வந்தாலே பாட்டி முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை சொல்லத்தான் செய்வார்கள். அங்கே மார்க் எகிறிவிடும். இன்னொரு வீடு இருக்கிறது. அவர் வருகிற செருப்புச் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் தூங்குவது போலப் படுத்துவிடும். மனைவி தட்டை வைத்துவிட்டுச் சுவரோரம் நிற்பார். அங்கே யாரும் எதுவும் சொன்னதில்லை. சொல்ல முடிந்ததில்லை. அவருக்கு இந்தக் கேள்வியில் பூஜ்யம்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்குவது ஐந்தாவது கேள்வி. 'குடியினால், உங்களிடம் வழக்கமாக எதிர்பார்க்கப்படுவதைச் செய்யாமல் போனதுண்டா?' வீட்டு வாடகை, ஸ்கூல் ஃபீஸ், மாமியாருக்கு மருந்து எல்லாவற்றையும் மனைவியே பார்த்துக்கொள்ள ஆரம்பித்துப் பத்து வருஷம் ஆகிவிட்ட வீட்டில், அவரிடம் யார் என்ன எதிர்பார்க்கிறார்கள்? 'அப்படி எதுவும் ஆனதில்லைங்க' என்று அவர் சொல்வது சத்தியமான உண்மை. அந்த உண்மைதான் அங்கே நோய்.

இதற்காகத்தான் மொழிபெயர்த்த கேள்வித்தாளை அப்படியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பக் கூடாது என்கிறார்கள். அதற்கே ஒரு பரீட்சை வைக்கிறார்கள். எப்படி?

முதலில் இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழில் எழுதுகிறார்கள். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்குகிறார்கள். பிறகு, மூல இங்கிலீஷைப் பார்த்தே இராத மூன்றாவது ஆளிடம் அந்தத் தமிழைக் கொடுத்து, மறுபடி இங்கிலீஷுக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். போன பயணியே திரும்பி வருகிறாரா, வழியில் ஆள் மாறிவிட்டாரா என்று பார்க்கத்தான். வட கரோலினா பல்கலைக்கழகத்து மனநல மருத்துவர் ஜான் யூவிங் 1984-ல் வெளியிட்ட 'கேஜ்' என்ற நான்கு கேள்விப் பட்டியலில், காலையில் எழுந்ததும் நடுக்கம் தீரக் குடிப்பதற்கு 'ஐ ஓப்பனர்' என்று ஒரு வார்த்தை வரும். அதை அப்படியே தமிழாக்கினால் 'கண் திறப்பது' என்றாகும். நம் ஊரில் கண் திறந்தால் ஞானம் வந்துவிட்டது என்று அர்த்தம்! குடித்ததும் ஞானம் வந்ததா என்று கேட்டால் பாதிப் பேர் 'ஆமாம்' என்பார்கள்.

அடுத்து, டீக்கடையில் நிற்பவர், ஆட்டோ ஓட்டுபவர், ஆபீஸ் போகிறவர் என்று பலதரப்பட்டவர்களை அழைத்துக் கேள்வியைக் காட்டுகிறார்கள். பதில் கேட்பதில்லை. 'இதைப் படிச்சா உங்களுக்கு என்ன புரியுது? உங்க வார்த்தையில சொல்லுங்க' என்கிறார்கள். பிறகு, அதே ஆட்களிடம் ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே கேள்விகள். பழக்கம் மாறாத ஆளிடம் பதில் மட்டும் தாறுமாறாக மாறினால், தாளில் கோளாறு.

கடைசியாகப் பெரிய பரீட்சை. கேள்வித்தாளில் எத்தனை மார்க் என்று தெரியாத ஓர் அனுபவமுள்ள டாக்டர், ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து நிதானமாகப் பேசி, இவருக்குப் பிரச்னை உண்டா, இல்லையா என்று முடிவு செய்கிறார். தாள் சொன்னதும் டாக்டர் சொன்னதும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கிறார்கள்.

நூற்றுக்கு நூறு ஒத்துப்போகாது. எந்தத் தாளும் இரண்டு விதமாகத் தப்புச் செய்யும். பிரச்னை உள்ளவரை 'இல்லை' என்று அனுப்பிவிடும். இல்லாதவரை 'உண்டு' என்று பிடித்து வைக்கும். இதில் எது பெரிய பாவம்?

சிரமமான கேள்விதான், இல்லையா? கோட்டை எட்டிலிருந்து ஐந்துக்கு இறக்கினால் முதல் தப்பு குறையும், இரண்டாவது கூடும். பன்னிரண்டுக்கு ஏற்றினால் நேர்மாறு. கம்ப்யூட்டர் எந்த இடத்தில் எத்தனை தப்பு வரும் என்று மட்டும் சொல்லும். எந்தத் தப்பை நாம் பொறுத்துக்கொள்வது என்பதை மனுஷன்தான் சொல்ல வேண்டும். அது கணக்கு இல்லை, தர்மம்.

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். ஒரு கம்பெனியில் 1,000 பேர். உண்மையில் 50 பேருக்குப் பிரச்னை. நம் தாள் அந்த 50-ல் 45 பேரைச் சரியாகப் பிடிக்கிறது. அபாரம்! மீதி 950 பேரில், நூற்றுக்கு இருபது பேரைத் தப்பாகப் பிடிக்கிறது. அதாவது 190 பேர். மொத்தம் 235 பேர் மாட்டுகிறார்கள். அதில் நிஜமானவர்கள் 45 பேர்தான். ஐந்தில் நான்கு பேர் சும்மா மாட்டியவர்கள். அந்தப் பட்டியல் ஒரு டாக்டரின் மேஜைக்குப் போனால் பெரிய நஷ்டமில்லை. 190 பேரும் அவரோடு உட்கார்ந்து பேசிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். அதே பட்டியல் மேனேஜர் மேஜைக்குப் போனால்? பெண் பார்க்கும் வீட்டுக்குப் போனால்?

சல்லடை என்பது சலிப்பதற்கு. சல்லடையை நீதிபதி நாற்காலியில் உட்கார வைக்கக் கூடாது. கோட்டை எங்கே போடுவது என்பது, மாட்டியவரை நாம் என்ன செய்யப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. உதவி செய்யப் போகிறோம் என்றால் கோட்டைத் தாழ்வாகப் போடலாம். தண்டிக்கப் போகிறோம் என்றால், அந்தத் தாளைக் கையிலேயே எடுக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் கையேட்டிலும் எட்டு முதல் பதினைந்து வரை வாங்கியவருக்கு எளிய அறிவுரைதான். பதினாறு முதல் பத்தொன்பது வரை ஆலோசனையும் தொடர்ந்து கவனிப்பதும். இருபதும் அதற்கு மேலும் போனால்தான் முழுப் பரிசோதனை. எங்கேயும் 'குடிகாரன்' என்று முத்திரை குத்தச் சொல்லவில்லை.

உங்களில் சிலருக்கு இந்நேரம் பொறுமை போயிருக்கும். 'என்ன சார், குடிக்கிறவனுக்கு இவ்வளவு மரியாதையா? அவன் பொய் சொல்றது ஊருக்கே தெரியும். எப்படிக் கேட்டாலும் பொய்தான் சொல்வான்.'

சொல்வார்கள். மறுக்கவில்லை. குடியோடு சேர்ந்தே வளர்கிற இன்னொரு பழக்கம் ஒளிப்பது. அதன் விலையைக் கொடுத்த மனைவிகளும் பிள்ளைகளும் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், இரண்டு விஷயம் யோசியுங்கள்.

ஒன்று, நம் அண்ணனைப் போலப் பொய்யே சொல்லாமல் தப்பிப் போகிறவர் எத்தனை பேர்? கேள்வியின் கோளாறைக் கழித்த பிறகு எஞ்சுவது எதுவோ, அதற்குத்தான் பதில் சொன்னவர் பொறுப்பு. அதற்கு முன்னால் 'பொய்யன்' என்று சொல்வது, தராசைச் சரிபார்க்காமல் கடைக்காரர் 'உங்க அரிசி எடை குறையுது' என்பது மாதிரி.

இரண்டு, உண்மை சொன்னால் என்ன கிடைக்கும் என்று நாம் வைத்திருக்கிறோம்? ஓ.பி. வரிசையில் பின்னால் பத்துப் பேர் நிற்க, பக்கத்தில் மச்சினன் நிற்க, 'என்னய்யா, தண்ணி போடுவியா?' என்று உரக்கக் கேட்டால் யார் சொல்வார்கள்? அதே ஆளைத் தனியாக உட்கார வைத்து, 'இதை எல்லார்கிட்டயும் கேக்கறதுதாண்ணே, உங்க மருந்துக்காகத்தான்' என்று ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தது. பெண்களிடம் இதைக் கேட்பதே கிடையாது. 'பொம்பளைங்ககிட்ட எப்படிங்க கேக்கறது' என்று அந்தக் கட்டத்தில் நாமே ஒரு கோடு போட்டுவிடுகிறோம். பிறகு, 'பெண்கள் யாரும் சொல்றதில்லை' என்கிறோம். கேட்டோமா?

கோவாவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முடிவுகள் 2017-ல் 'லான்செட்' இதழில் வந்தன. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த ஆண்களிடம் இந்த 'ஆடிட்' கேள்விகளைக் கேட்டு, 12 முதல் 19 வரை மார்க் எடுத்தவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஒரு பிரிவினருக்குச் சில முறை உட்கார்ந்து பேசி ஆலோசனை சொன்னார்கள். பேசியவர்கள் டாக்டர்கள் கிடையாது, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள்தான். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட, இவர்களில் அதிகம் பேர் குடியிலிருந்து மீண்டார்கள். சரியாகக் கேட்டால் ஜனங்கள் பதில் சொல்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நடைமுறையில் ஒரு வார்த்தை. மேலே சொன்ன கணக்கை வைத்து உங்களுக்கோ, உங்கள் வீட்டில் ஒருவருக்கோ மார்க் போட்டுப் பார்த்துத் திக்கென்றிருந்தால், 'நாளையிலிருந்து ஒரு சொட்டு கிடையாது' என்று வீராப்பாகச் சபதம் எடுத்துவிடாதீர்கள். வருஷக்கணக்கில் தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

இனி கேள்விகள். நாம் யாரும் ஆராய்ச்சி செய்யப் போவதில்லை. ஆனாலும் தினமும் கேள்வி கேட்கிறோம். 'இன்னிக்கும் ஊத்திக்கிட்டு வந்தாச்சா?' என்பதில் கேள்விக்குறி மட்டும்தான் கேள்வி. அதற்கு இரண்டே பதில்தான் சாத்தியம், பொய் அல்லது சண்டை. 'நீ அந்த மாதிரி பசங்களோட சேரமாட்டியே?' என்று மகனிடம் கேட்கிறோம். 'மாட்டேன்' என்ற பதிலை அவன் கையில் திணித்துவிட்டு, அதையே அவனிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறோம். வருஷங்கள் கழித்து உண்மை தெரியும்போது, 'எங்கிட்ட மறைச்சிட்டானே' என்று அழுகிறோம்.

ஒரு பத்துக் கேள்வித் தாளை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் கொண்டுவர, இத்தனை பேர் இத்தனை மாதம் உட்கார்ந்து, 'நாம் கேட்டது அவருக்கு என்னவாகக் கேட்டது?' என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஒரே கூரையின் கீழ், ஒரே தமிழ் பேசுகிற நாம் அதில் நூற்றில் ஒரு பங்காவது செய்யலாமே!

இன்று ராத்திரி வீட்டில் யாரிடமாவது முக்கியமான ஒன்றைக் கேட்க வேண்டியிருந்தால், கேட்டுவிட்டு உடனே பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். 'நான் கேட்டது உனக்கு என்னன்னு புரிஞ்சுது?' என்று கேளுங்கள்.

'திட்டறீங்கன்னு புரிஞ்சுது' என்று பதில் வந்தால் வருத்தப்படாதீர்கள். அன்றைக்கு நீங்கள் கேட்டு வாங்கிய முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும். கேள்வியைத் திருத்திக்கொண்டு மறுபடி கேளுங்கள்.